ராணிப் பாட்டுக்கு எழுந்தவர்

"பதவி எண்டால் எந்தக் கொம்பனும் எழும்பி நிப்பான், பாரும்" என்று எங்கள் தமிழ்ச் சங்கத்து இரத்தினசிங்கம் பத்திரிகையை மேசையில் போட்டார்.

சிட்னியில் ஐரிஷ்காரர் நடத்தும் வாரப் பத்திரிகை அது. முதல் பக்கத்தில் மாநிலச் சட்டசபை உறுப்பினர் கில்ராய், இங்கிலாந்து ராணியின் வாழ்த்துப் பாட்டுக்கு விறைப்பாக எழுந்து நிற்கிறார். படம் எடுத்த இடம், எழுபத்தெட்டாம் வருட எங்கள் சங்கப் பொங்கல் விழா.

கில்ராய் வட அயர்லாந்தின் பெல்பாஸ்டில் பிறந்தவர். அயர்லாந்து முழுவதும் ராணியின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அரசியலில் வளர்ந்தவர். சட்டசபையில்கூட அந்தப் பாட்டுக்கு எழும்பாத மனிதர். அந்தப் பிடிவாதத்துக்காகவே அவருடைய தொகுதியான பரமட்டாவின் ஐரிஷ்காரர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

இப்போது துரோகி என்கிறார்கள். அடுத்த தேர்தலுக்குக் கட்சி ஆள் தெரிவு செய்வது நாளைக்கு. தெரிவு செய்பவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான்.

பிழை எங்களுடையது. விழாவை ஒழுங்கு செய்த கணேசலிங்கம் அங்கிள் கொழும்புக் கந்தோரில் வெள்ளைக்காரத் துரைமாரின் கீழ் வேலை பார்த்தவர். பிரதம விருந்தினர் வெள்ளைக்காரர் என்றால் ராணிப் பாட்டுப் போடுவதுதான் மரியாதை என்று, எங்கோ போய் இசைத்தட்டு இரவல் வாங்கி வந்துவிட்டார். அவரைக் கோபிக்கவும் மனம் வரவில்லை.

சங்கச் செயலாளர் வரதராஜன் கில்ராயின் கந்தோருக்கு ஓடினார். பாட்டுப் போட்டது எங்கள் பிழை, உங்கள் ஆட்களிடம் இன்றைக்கே வந்து சொல்கிறேன் என்றார்.

"வேண்டாம்" என்று கில்ராய் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

வரதராஜனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. இத்தனை வருடம் எழும்பாதவர் அன்றைக்கு மட்டும் ஏன் எழும்பினீர்கள் என்று கேட்டேவிட்டார்.

"உங்கள் கணேசலிங்கத்துக்கு ஒரு கால் வழங்காது. நீங்கள் எல்லோரும் நின்று தேவாரம் பாடியபோதுகூட அவர் கதிரையில்தான் இருந்தார். இந்தப் பாட்டுக்கு மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். கால் நடுங்க நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் எப்படிக் கதிரையில் இருப்பது?"

"அதைத்தானே உங்கள் ஆட்களிடம் சொல்லப் போகிறேன்."

"சொன்னால் அவர் காதுக்கும் போகும். எனக்குப் பெரிய மரியாதை செய்துவிட்டதாக அந்த மனிதர் சந்தோஷமாக இருக்கிறார். பதவி போனால் போகட்டும், அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்."