மலை முனகும் நேரம்

“அத்தை, மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு. கேக்கலையா?”

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மூக்கம்மாள் கையை நிறுத்தினாள்.

“என்னடி கேக்கணும்? அடுத்த வீட்டு ரேடியோவா?”

“அது இல்லத்தை. அதுக்கும் கீழ... மலை வாயை மூடிக்கிட்டு முனகுற மாதிரி. நெஞ்சுக்கூடே அதிருது.”

“ஏலே கொம்பையா, கேட்டியா உன் பொண்டாட்டி பேச்சை? மலை முனகுதாம்! பிள்ளை பெறப் போகுதோ என்னமோ!”

ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீட்டுக்கு வீடு சிரிப்பு பரவியது.

வண்டன்மேட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதலே முத்துப்பேச்சிக்கு அந்தி நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு நின்றுவிடுவாள். பயந்து அல்ல. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல நிற்பாள்.

“நாளைக்குக் காலையில கம்பம் ஜீப்புல இவளைக் கூட்டிட்டுப் போயி, அவ ஆத்தா வீட்டுல விட்டுட்டு வா. கிறுக்குப் பிள்ளைய நம்ம தலையில கட்டிட்டாக” என்றாள் மூக்கம்மாள்.

கொம்பையா தலையைக் குனிந்துகொண்டான்.

“வேணாம் அத்தை! வேற யாராவது ஒருத்தருக்குக் கேட்டாப் போதும்ல?”

அந்த நேரம் பெரியமுத்து விறகுக் கட்டோடு தெருவில் போனார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பெரிப்பவர். மாரியம்மன் மேடையில் தினமும் விளக்கு வைப்பவர். பொய் பேசாதவர் என்று பெயர்.

“அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி!” என்று மூக்கம்மாள் கூப்பிட்டாள்.

அவர் திரும்பாமல் நடந்தார்.

“பாத்தியா? எஸ்டேட் துரை கூப்பிட்டாத்தான் இவரு திரும்புவாரு போல” என்று மூக்கம்மாள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

முத்துப்பேச்சி ஓடிப்போய் அவர் எதிரில் நின்றாள்.

“பெரியய்யா, மலைக்குள்ள இருந்து ஒரு சத்தம் வருதே, உங்களுக்குக் கேக்குதா?”

பெரியமுத்து அவள் முகத்தையே பார்த்தார். விறகுக் கட்டு தோளிலிருந்து சரிந்து விழுந்தது.

“கேக்குது தாயி!” என்றார். தெருவே திரும்பிப் பார்க்கும் குரல்.

மூக்கம்மாள் முறத்தை வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“சின்னப் பிள்ளை அழுகுதேன்னு சொல்லாதீக அண்ணாச்சி. மாரியாத்தா முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவீகளா?”

பலாமரத்தடி மேடையில் சூடம் எரிந்தது. பெரியமுத்து இடது கையைக் கல்லில் ஊன்றிச் சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு வலது உள்ளங்கையால் தீயை அழுத்தி அணைத்தார்.

“இப்பவும் கேக்குது. ஆத்தா சாட்சி.”

யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். லயம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்தது. மலைமேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் மூக்கம்மாளின் கைகள் தாமாகவே குவிந்தன.

“நமக்குத்தான் கொடுத்து வைக்கல போலிருக்கு” என்று முணுமுணுத்தவள், முந்தானையால் மருமகளின் முகத்தைத் துடைத்தாள். “ஏலே, ஜீப்பு வேணாம்.”

மறுநாள் காலை, ஒரு தூக்குச்சட்டி நிறையப் பணியாரம் எடுத்துக்கொண்டு முத்துப்பேச்சி பெரியமுத்துவின் வீட்டுக்குப் போனாள். அவர் முதுகைக் காட்டி விறகு பிளந்துகொண்டிருந்தார்.

“பெரியய்யா!”

கோடரி நிற்கவில்லை. இன்னும் பக்கத்தில் போய்க் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

அவர் மனைவி இசக்கியம்மாள் அவசரமாக வெளியே வந்து, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“முன்னால போயி நில்லும்மா. வாயசைவைப் பாத்துத்தான் பதில் சொல்லுவாரு. வெளிய சொல்லிராத, வேலை போயிரும். பாறைக்கு வெடி வைக்கப் போன இடத்துல ரெண்டு காதும் செத்துப்போச்சு.”

முத்துப்பேச்சி தூக்குச்சட்டியைத் திண்ணையில் வைத்தாள்.

“அப்ப... எனக்காகவா பொய்ச் சத்தியம் பண்ணுனாரு?”

அதற்குள் நிழல் கண்டு திரும்பியிருந்த பெரியமுத்து, அவள் உதடுகளைப் படித்துவிட்டார். கோடரியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

“பொய் இல்ல தாயி. இடி இடிச்சாலும், பெத்த பிள்ளை கூப்பிட்டாலும் கேக்காத எனக்கு, அந்தியில அந்தச் சத்தம் ஒண்ணு மட்டும் கேக்கும். நேத்து நீ வந்து சொல்ற வரைக்கும், எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனச்சுப் பயந்துக்கிட்டிருந்தேன்!”