அவளே ஓட்டட்டும்

"ஜாக்கியை நீயே போடு. யாரும் உதவிக்கு வரவேண்டாம்," என்றார் கணவர்.

மனைவிக்கு அறுபது வயது இருக்கும். தரையில் ஒரு அட்டையைப் போட்டு மண்டியிட்டு, கேரவனுக்கு அடியில் ஜாக்கியைத் தள்ளினார். கணவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

விற்பனையாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வண்டி வாங்க வந்தவரிடம் கோபப்பட முடியுமா? சிரித்து வைத்தார்.

மூன்று வாரமாக இந்த ஜோடி ஷோரூமுக்கு வருகிறது. கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி முப்பது வருஷம் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர். ரோடே இல்லாத மலை, மணல்காடு என்று வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கி ஆறு மாதம் சுற்ற வேண்டும் என்பது கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து போட்ட திட்டமாம். அதனால்தான் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கேரவன்தான் வேண்டும் என்றார்கள்.

ஆசை இரண்டு பேருக்கும். பாடு மட்டும் அந்த அம்மாவுக்கு.

முதலில் காட்டிய வண்டியில் அகலமான கட்டில், வெந்நீர்க் குளியலறை எல்லாம் இருந்தன. அந்த அம்மா சமையல் மேடையை ஆசையாகத் தடவிப் பார்த்தார். கணவர் நேராகப் பின்பக்கம் போய் ஸ்டெப்னி டயரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவளால இதை இறக்க முடியாது. வேண்டாம்," என்றார். இரண்டாவது வண்டியில் அந்த அம்மாவின் கால் பிரேக்கை முழுதாக எட்டவில்லை. அதுவும் வேண்டாம்.

மூன்றாவதுதான் இந்தச் சின்ன வண்டி. கைப்பிடியைச் சுற்றினால் ஸ்டெப்னி தானே கீழே இறங்கும். கட்டிலிலிருந்து வெளியே இறங்காமலே டிரைவர் சீட்டுக்குப் போய்விடலாம். கணவர் கட்டிலில் நீட்டிப் படுத்துக்கொண்டு, "நான் இங்கேருந்து கூப்பிட்டா கேக்குதா?" என்றார். முன்சீட்டிலிருந்த மனைவி கேட்கிறது என்றார்.

ஐயா படுத்துக்கொண்டே ஊர் சுற்றப் போகிறார், அம்மா சம்பளமில்லாத டிரைவர் என்று விற்பனையாளர் முடிவே கட்டிவிட்டார். விற்பனையாளரோ தன் வீட்டில் மனைவியைக் கார் சாவியைத் தொடக்கூட விட்டதில்லை. அவளுக்கு எதற்குச் சிரமம் என்கிற அக்கறைதான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஜாக்கி போட்டு டயரைக் கழற்றி மாட்டி முடித்ததும், ஷோரூமுக்குப் பின்னாலிருந்த கரடுமுரடான சோதனைப் பாதையில் மனைவியை வண்டி ஓட்டச் சொன்னார் கணவர். பாதி மேட்டில் பின்சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. விற்பனையாளர் ஓடப் போனார். கணவர் குறுக்கே கையை நீட்டினார்.

"விடுங்க. அவளே வரட்டும்."

நாலாவது முயற்சியில் வண்டி மேலே ஏறியது. அந்த அம்மா இறங்கி வந்தார். நல்லா ஓட்டினே என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே? "இன்னொரு தடவை போ," என்றார் மனிதர். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, சத்து மாத்திரை போடும் நேரம் என்றார். அந்த அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு மறுபடி வண்டியில் ஏறினார்.

வண்டி நகர்ந்தது. அதற்குமேல் விற்பனையாளருக்கு மனசு கேட்கவில்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வயசுல அவங்களை ஏன் இப்படிப் பாடாப் படுத்தறீங்க? நீங்க ஓட்டலாம், இல்லே ஒரு டிரைவரை வெச்சுக்கலாம்."

கணவர் கோபப்படவில்லை. மேட்டில் ஏறும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் இதயம் பாதிதான் வேலை செய்யுது தம்பி. இன்னும் எத்தனை நாளைக்குன்னு டாக்டராலேயே சொல்ல முடியல. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களை வெளியே எடுக்கறதுதான் என் வேலையா இருந்தது. அவங்க முகத்தை நான் பார்த்திருக்கேன். ஆளே இல்லாத இடத்துல நான் விழுந்துட்டா, இவ அந்த முகத்தோட அங்கேயே உக்காந்துடக் கூடாது. வண்டியை எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துடணும்."

விற்பனையாளருக்குத் தன் நினைப்பை எண்ணி வெட்கமாக இருந்தது.

"அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா கிளம்பவே மாட்டா. இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தா, பாவம்," என்றார் கணவர்.

வண்டி இந்த முறை எங்கும் நிற்காமல் மேடேறி இறங்கியது. இதையே எடுத்துக்கொள்கிறோம் என்று கணவர் கையெழுத்துப் போட ஆபீஸுக்குள் போனார்.

விற்பனையாளர் அந்த அம்மாவுக்குக் கை துடைக்கத் துணி கொடுத்தார். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, வண்டியில் வேறு வசதி ஏதும் வேண்டுமா என்றார்.

அந்த அம்மா ஆபீஸ் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"கட்டில் தலைமாட்டுல ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டறதுக்கு ஒரு கொக்கி வெச்சுத் தர முடியுமா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, உங்களுக்கு..."

"முப்பது வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவகிட்டேயே, நெஞ்சு மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவுல போட்டு வெச்சுக்கிட்டுத் திரியறார். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா, என்னை அலைய வைக்க வேணாம்னு கிளம்பவே மாட்டார். அதனால கொக்கி எதுக்குன்னு கேட்டா, தீயணைக்கிற சிலிண்டருக்குன்னு சொல்லிடுங்க தம்பி."