இன்னொரு குழாய்

ராகு காலம் முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

மெக்கானிக் சுயம்பு காரின் பானெட்டைத் தூக்கினான். இருமல்காரன் மூச்சுவிடுவது போல எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

தாராவியின் அந்தப் பட்டறை வாசலில் ஷ்யாமளா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கைத்தடி மடிமேல் கிடந்தது. பக்கத்தில் கணவன் மாதவ் நின்றிருந்தான்.

ஒரு மாதமாக வண்டி சிக்னலில் அணைந்துபோகிறது. நேற்று சயானில் மூன்று தடவை. பின்னால் நின்ற பஸ்ஸின் ஹாரன் இன்னும் அவள் காதில் இருந்தது.

செம்பூரில் ஒரு மெக்கானிக் பிளக்குகளை மாற்றினான். பிறகு மாதவைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னான். கால் முடியாதவர்களுக்காக இப்படி மாற்றிய வண்டியில் எஞ்சின் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். சரியாக ஓட்டத் தெரிந்தால் அணையாது.

அது அவளுக்கும் கேட்டது.

“ஜானே தோ அம்மா, விட்டுடு, ரிக்ஷா இருக்கே,” என்று வீட்டில் சொன்னாள் மகள் ஹரிதா.

சுயம்புவும் வண்டியில் குறை இல்லை என்று சொன்னால் ஓட்டுவதை விட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவதாக ஷ்யாமளா வாக்குக் கொடுத்திருந்தாள்.

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இடது கால் வலுவிழந்தது. அவள் வண்டியில் கிளட்சைக் காலால் மிதிக்க வேண்டியதில்லை. கியர்க் கம்பியின் தலையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையே ஒரு குழாய் வழியாகக் கிளட்சை இழுத்துக்கொள்ளும். பத்து வருடங்களுக்கு முன் மாதவ் ஆள் வைத்துப் பொருத்திய ஏற்பாடு.

முதல் நாளே கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் வண்டி அணையவில்லை. கல்யாண வீடுகளில் அவள் அதைச் சொல்வாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வாள்.

சுயம்பு அந்த உறிஞ்சும் விசையை அளக்கும் மீட்டரைப் பொருத்தினான். பதினெட்டில் அசையாமல் நிற்க வேண்டிய முள் பன்னிரண்டில் கிடந்து துடித்தது.

“கேஸ்கெட்டா இருக்கும்ப்பா,” என்றான் மாதவ்.

“சார் ஆபீஸ்லயும் இப்படித்தானா? ஃபைலத் தொறக்கு முன்னாலயே கையெழுத்தா?” என்றான் சுயம்பு.

ஷ்யாமளா சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு.

எஞ்சின் மூட்டுகளை அடைக்கும் கேஸ்கெட்டின் ஓரமெல்லாம் சுயம்பு ஸ்ப்ரே அடித்தான். எஞ்சினின் சத்தம் மாறவில்லை; கசிவு அங்கே இல்லை. பிறகு குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரித்தான். பிரேக்குக்குப் போகும் குழாய். முள் அப்படியே துடித்தது.

கிளட்சுக்குப் போகும் குழாய்.

முள் எழுந்து பதினெட்டில் நின்றது. எஞ்சினின் நடுக்கம் அடங்கியது.

“எக்கா, கோளாறு வண்டியிலதான். இந்தக் குழாய்ல எங்கயோ காத்து இழுக்கு. உங்க மேல ஒண்ணுமே இல்ல.”

ஷ்யாமளா மடியிலிருந்த கைத்தடியைக் கீழே வைத்தாள். எழுந்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு அவனருகே போனாள்.

“நீ நன்னா இருக்கணும்ப்பா,” என்றாள். “உன் குழந்தைகள் நன்னா இருக்கணும்.”

“மொதல்ல கல்யாணம் ஆகட்டும்க்கா.”

குழாயைத் தொடர்ந்து அவன் வண்டிக்குள் போனான். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். டார்ச் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் நகர்ந்தது.

“வாயேன், சாயா குடிக்கலாம்,” என்றான் மாதவ்.

“இப்பத்தான குடிச்சிய சார்?” என்றது உள்ளிருந்து குரல்.

குழாய் நடுவில் கிளை பிரிந்திருந்தது. இன்னொரு குழாய். இந்த ஏற்பாட்டோடு அப்படி ஒன்று வருவதில்லை. அது இடது இருக்கைக்கு முன்னால், மிதியடிக்கு அடியில் போய் முடிந்தது. அங்கே நெல்லிக்காய் அளவில் ஒரு ரப்பர்க் குமிழ்.

சுயம்பு அதைக் கையால் அழுத்தினான். பானெட்டுக்குள் கிளட்சின் கம்பி அசைந்தது.

“இங்கன மிதிச்சாலும் கிளட்ச் இழுக்கு. பாத்தியளா? பக்கத்துல உக்காந்திருக்கவங்க மிதிக்கிறதுக்கு. யாருக்கா போட்டது?”

ஷ்யாமளா மாதவைப் பார்த்தாள். அவன் பட்டறைக் கூரையைப் பார்த்தான்.

அந்த முதல் மாதங்களில் தினமும் அவன் இடது இருக்கையில் வருவான். அவளுடைய செம்பூர் ஆபீஸ் வரைக்கும். பிறகு ரயில் பிடித்து, வந்த திசையிலேயே திரும்பி தன் ஆபீஸ் இருக்கும் வி.டி.க்குப் போவான். செம்பூர்ப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்பான். சிக்னலில் சாலையைப் பார்க்கவே மாட்டான். ஜன்னலுக்கு வெளியே விளம்பரப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பான்.

கிங்ஸ் சர்க்கிளிலும் ஏதோ ஒரு பனியன் விளம்பரத்தைப் படித்தான்.

அவள் கோபம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை.

சுயம்பு குமிழைக் கழற்றி வெளியே எடுத்து வந்தான். நகத்தால் கீறினான். ரப்பர் துகளாக உதிர்ந்தது.

“காஞ்சு வெடிச்சுப் போச்சு. இதுவழியாத்தான் காத்து. கால் பட்டுக்கிட்டே இருந்தா இப்படி ஆகாதுக்கா. வருசக் கணக்கா இத யாரும் தொடல.”

மாதவ் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இருக்கையில்தான் உட்கார்ந்து வருகிறான். கோயிலுக்கு, தாணேயில் தங்கை வீட்டுக்கு. இப்போதும் விளம்பரங்களைப் படிக்கிறான்.

“இந்தக் குழாய அடைச்சிரட்டுமா?” என்றான் சுயம்பு.

ஷ்யாமளா தலையசைத்தாள். அவன் மூடி தேடி உள்ளே போனான்.

அவள் மாதவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

“மிதிக்கறதை எப்போ நிறுத்தினேள்?”