உடை மாற்றும் அறை

கைப்பேசியில் இரண்டு வாட்டர் பார்க்குகளும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அவன் விரல்தான் மாற்றிக்கொண்டிருந்தது. அது அவனுக்கே தெரியவில்லை.

ஒன்று கடற்கரைச் சாலையில். அங்கே பெரிய குளத்தில் மணிக்கு ஒரு தரம் அலை அடிக்கவிடுகிறார்கள்.

மற்றது பூந்தமல்லியைத் தாண்டி. அங்கே ரப்பர் வளையத்தில் ஏறி உட்கார்ந்தால் போதும். ஓடுகிற தண்ணீரே ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும்.

அவனுக்கு இரண்டாவது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது பெரிய வார்த்தை. சும்மா உட்கார்ந்தால் போதும் என்பது அவனுக்கு ஒத்துவந்தது. ஐந்து மாதமாக அவன் செய்துவருவதும் அதைத்தான்.

மனைவி சுகந்தியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மகள் மிதுலா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. முழுப் பரீட்சை முடிந்ததும் வாட்டர் பார்க் போகலாம் என்று சொன்னான். எதையாவது சொல்லவேண்டியிருந்தது.

ஒரு வாய் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை பரீட்சை முடிந்துவிட்டது. இன்று ஞாயிறு. பிள்ளை இன்னும் வாயைத் திறக்கவில்லை.

கேட்டுவிட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். கேட்காத பிள்ளையை என்ன செய்வது?

சறுக்குகளின் படங்களை அவன் பார்க்கவில்லை. எத்தனை அடி உயரம், எத்தனை வளைவு, ஒன்றும் பார்க்கவில்லை. இரண்டிலும் அவன் தேடியது உடை மாற்றும் அறையை.

இரண்டிலும் பெண்களுக்கு வேறு வாசல், ஆண்களுக்கு வேறு வாசல்.

போகும்போது கவலையில்லை. நீச்சல் உடையை உள்ளே போட்டு, மேலே சட்டை மாட்டிக் கூட்டிப்போய்விடலாம். திரும்பும்போது என்ன செய்வது? நனைந்த உடையோடு அவ்வளவு தூரம் பைக்கில் உட்காரவைக்க முடியாது. அந்த வாசல்வரை அவன் போகலாம். அதற்கப்பால் அவள் தனியாகப் போகவேண்டும். ஈரத் தரை, முன்பின் தெரியாத பெண்கள், முதுகில் ஒட்டிக்கொண்ட ஜிப். அழுதால்கூட வெளியே கேட்காது.

போன வருஷங்களில் சுகந்தி உள்ளே கூட்டிப்போவாள். அவன் வெளியே பைகளைக் காவல் காப்பான். பத்து நிமிஷத்தில் பிள்ளை உலர்ந்து, பவுடர் மணக்க வெளியே வரும். உள்ளே நடப்பது என்னவென்று எந்த அப்பனுக்குத் தெரியும்?

பூந்தமல்லிக்காரர்களுக்குப் போன் செய்தான். ஒரு பெண் எடுத்தாள். நல்ல பெண்தான்.

"பாப்பாவோட அம்மா உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க சார். ஒண்ணும் பிரச்சின இல்ல."

சரிங்க என்று வைத்துவிட்டான்.

வலிக்கும் என்று காத்திருந்தான். வலிக்கவில்லை. மேசையில் சிந்திக் கிடந்த காபியைத் துடைத்தான்.

அக்காவைக் கூப்பிட்டால் வருவாள். வழியெல்லாம் அழுதுகொண்டு வருவாள். பிள்ளை முன்னால் "அவ இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பாள். வேண்டாம்.

அடுத்த வருஷம் போகலாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். நீ கொஞ்சம் வளர்ந்ததும் போகலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த வாசல் ஒரு சாக்காக அகப்பட்டதில் அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தண்ணீரும் கூச்சலும் சிரிப்புமாக ஒரு முழு நாளை அவன் எங்கே போய்க் கழிப்பான்?

குளியலறைக் கதவு திறந்தது.

மிதுலா வந்து எதிரே நின்றாள். காய்ந்த சுடிதார். பொத்தான்கள் சரியாகப் போட்டிருந்தன. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை.

பையைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். உள்ளே அவளுடைய நீல நிற நீச்சல் உடை, முறுக்கிப் பிழிந்தது. ஜிப்பின் நுனியில் ஒரு முழத்துக்குப் பாவாடை நாடா கட்டியிருந்தது.

"முதுகுல எட்டல. இதக் கட்டி இழுத்தா வருதுப்பா. முந்தாநாள் வரல. நேத்து வந்துச்சு, இன்னிக்கும் வந்துச்சு."

அவன் நாடாவை எடுத்துப் பார்த்தான். நழுவாமல் இருக்க இரண்டு முடிச்சு. இழுத்தான். ஜிப் சிக்காமல் ஓடியது.

மூன்று நாளாக அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் அவன் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

இப்போது வலித்தது. நெஞ்சில் எந்த இடம் என்று விரல் வைத்துச் சொல்லலாம்போல வலித்தது.

"தல மட்டும் எனக்குத் துவட்ட வரல" என்றாள். "வெளிய வந்ததும் நீ துவட்டி விட்டுடு."

எழுந்துபோய்த் துண்டை எடுத்துவந்தான். அவள் தலைமேல் போட்டான். எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. தெரிந்த மட்டும் துவட்டினான்.

"கடற்கரைச் சாலைக்குப் போலாமா?" என்றான். "அலை அடிக்குமாம்."

துண்டு அசைந்தது. சரி என்றதாக எடுத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் தலை காய்ந்துவிட்டது. துண்டை எடுக்கப் போனான்.

உள்ளிருந்து இரண்டு கைகள் அதை முகத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

அவன் மறுபடி துவட்ட ஆரம்பித்தான்.