பத்திரமான பார்க்

“கல்யாண நாளுக்கு வெளிநாட்டுல இந்த ரெண்டு தீம் பார்க்கும்தான் பெஸ்ட்” என்றார் டிராவல்ஸ்காரர்.

கணவர் படத்திலிருந்த ரோலர் கோஸ்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பிரேக்கை தினமும் செக் பண்ணுவாங்களா? மழை வந்தா நிறுத்திடுவாங்களா?”

டிராவல்ஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அவ்வளவு பயம்னா வேற இடம் பாக்கலாமே சார்?”

“அவர் இப்படித்தான் குடைவார்” என்றாள் மனைவி. “எந்த பார்க்ல ஆள் வந்து பெல்ட் மாட்டிவிடுவாங்க?”

“ரெண்டாவதுல. முதல்ல சொன்னதுல தானா பூட்டிக்கும்மா. அதான் பத்திரம்.”

“ரெண்டாவதையே போடுங்க.”

“ஏம்மா?”

“இந்த ஊர் பார்க்ல இருபது வருஷமா ரோலர் கோஸ்டர்ல ஏறுறவங்களுக்கெல்லாம் பெல்ட் மாட்டி அனுப்பிட்டு, இவர் கீழயே நிக்கிறாருங்க. ஒரு தடவையாவது இவருக்கு யாராவது மாட்டிவிடட்டும்.”