பகல் தூக்கம்

கண் செருகிய அடுத்த நொடியே காலை யாரோ பிடித்து இழுத்தார்கள். மாரிக்கண்ணன் சீறிக்கொண்டு எழுந்தான்.

"ஏட்டி, மறுபடியுமா?"

கால்மாட்டில் ஐந்து வயது மகள் வர்ஷிதா, தலையணையைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். தாராவித் தோல் பட்டறையில் ராத்திரி டூட்டி முடித்து வந்து அவன் படுத்தால் போதும், தினமும் இதே அழிச்சாட்டியம். நேற்று மிஷின் முன்னால் கண்ணயர்ந்ததில், விரல் மயிரிழையில் தப்பியது.

"பிரேமா! இவள வெளிய கூட்டிட்டுப் போ. இல்ல, தோல உரிச்சிருவேன்."

"ஒங்க அப்பா செத்ததுல இருந்துதான் இப்படிப் பண்ணுதா. செல்லம் கொஞ்ச ஆளில்லல்லா" என்றபடி மனைவி பிரேமலதா அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அவன் கையை ஓங்கிவிட்டான்.

குழந்தை ஓடவில்லை. அழுதுகொண்டே தலையணையை அவன் கால்களுக்கு நடுவில் திணித்தாள்.

"காலு ரெண்டும் சேரக் கூடாதுப்பா!"

"ஏன் சேரக் கூடாது?"

"தாத்தா தூங்குதாவன்னு சொன்னீய. பொறவு கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டித் தூக்கிட்டுப் போய்ட்டீய. தாத்தா வரவே இல்லியே."

ஓங்கிய கை தானாக இறங்கியது. வெள்ளைத் துணியைக் கிழித்து அந்தக் கட்டைப் போட்டவனே அவன்தான்.

அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"தாத்தா தூங்கலம்மா. செத்துப் போய்ட்டாவ. செத்தவங்களுக்குத்தான் அப்படிக் கட்டுவாங்க."

அவள் அவன் கால் பெருவிரலைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள். "அப்ப நீங்க?"

"நான் தூங்கத்தான் போறேன். சாயங்காலம் எந்திரிச்சிருவேன்."

படுத்தவன், தலையணையைத் தானே எடுத்துக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டான்.