ராய்ஸ் சொன்ன பனி

"ரொட்டி எங்க? பால் எங்க? இதுவும் உன் வேலைதானா?"

காலியாகக் கிடந்த கடை அலமாரிகளுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள் நெல்டா. கேள்வி ராய்ஸுக்கு. சூப்பர் மார்க்கெட்டில் மிஞ்சியிருந்த ஒரே ரொட்டி அவன் கூடையில்தான் இருந்தது.

அலபாமாவில் யாராவது 'பனி' என்று தும்மினால் போதும், வீட்டிலேயே அடைபட்டுவிடுவோமோ என்று ஊரே ரொட்டிக்கும் பாலுக்கும் ஓடும். இந்த முறை தும்மியது ராய்ஸ் டகெட். 'நாளைக் காலை பனி நிச்சயம்' என்று பேஸ்புக்கில் தன் வானிலைப் பக்கத்தில் எழுதிவிட்டான். கூரை வேலை அவன் தொழில். பனி அவன் பைத்தியம். பிப்ரவரியிலும் அரைக்கைச் சட்டையோடு திரிகிற ஊரில், அவனைப் போலவே பனிக்குத் தவம் கிடக்கும் ஒரு கூட்டம் அந்தப் பக்கத்தில் உண்டு.

"பனி வரும் நெல்டா. வந்தா நாளைக்குக் கோர்ட்டை மூடிடுவாங்க."

"மூடினா?"

"நம்ம விவாகரத்துக் கேஸ் மார்ச்சுக்குப் போயிடும். மார்ச்சுல நான் மனுஷனா இருப்பேன். உனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். மார்ச் முதல் அக்டோபர் வரை ராய்ஸ் தங்கமான புருஷன். சமைப்பான், சிரிக்க வைப்பான், சமையலறையிலேயே அவளை இழுத்துவைத்து ஆடுவான். குளிர்காலம் வந்தால்தான் பிடித்துக்கொள்ளும். மகள் கல்யாணத்தைத் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். பனி கொட்டப் போகிறது என்று ஒற்றைக் காலில் நின்று சர்ச் ஹாலுக்கு மாற்ற வைத்தான். அன்று அடித்த வெயிலில் ஹாலுக்குள்ளே கேக் உருகியது. அதையும் பொறுத்துக்கொண்டாள். போன டிசம்பரில் கல்யாண நாளுக்குப் புளோரிடா போனார்கள். டென்னஸி மலையில் பனிமேகம் கூடுகிறது என்று கேள்விப்பட்டதும், அவளை ஓட்டலில் விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நெல்டா அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். மறுநாளே வக்கீலைப் பார்த்தாள்.

"முப்பது வருஷம் உன்கூடக் குப்பை கொட்டியாச்சு" என்றாள் நெல்டா. "உன் வாயால சொல்லி ஒரு தடவையாவது பனி விழுந்திருக்கா? உன் பேச்சைக் கேட்டுக் குடை எடுத்துட்டுப் போனவன் அதை விரிச்சதா சரித்திரமே கிடையாது!"

"இந்தத் தடவை வரும்."

"வராது. நான் காலையில கோர்ட்ல இருப்பேன். நீயும் ஒழுங்கா வந்து சேரு. அந்த ரொட்டியைக் கொடு."

கொடுத்தான். வாங்கிக்கொண்டு போயே விட்டாள்.

பழ வரிசைக்குப் பின்னால் பதுங்கியிருந்த லாமர் மெல்ல வெளியே வந்தான். அவனும் அந்தப் பனிக் கூட்டத்து ஆசாமிதான்.

"என்னடா சொல்றா?"

"நாளைக்குக் கண்டிப்பா வருவாளாம்."

"கவலையை விடு. நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இன்னைக்கு எல்லாரும் பைஜாமாவை உள்பக்கம் வெளிப்பக்கமா திருப்பிப் போட்டுக்கிட்டுத்தான் படுக்கணும். தலகாணிக்கு அடியில ஸ்பூன். டாய்லெட்ல ஐஸ் கட்டியைப் போட்டுத் தண்ணி விடணும். பனி வராம எங்க போயிடும்?"

"அடப்பாவி, அதெல்லாம் பள்ளிக்கூடம் லீவு விடணும்னு சின்னப் பசங்க பண்றதுடா!"

"உனக்கும் லீவுதானேடா வேணும்?"

ராய்ஸ் ஒரு பை ஐஸ் கட்டியைத் தூக்கிக் கூடையில் போட்டான். வீட்டுக்குப் போய் மூன்றையும் ஒன்று விடாமல் செய்துவிட்டுப் படுத்தான்.

விடிந்ததும் ஜன்னலுக்கு ஓடினான். புல்தரையில் சுள்ளென்று வெயில். எதிர்வீட்டுக்காரர் அரை டிராயரோடு நாயை நடத்திக்கொண்டு போனார். ராய்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. உயிராக நேசித்த பனியை வாழ்க்கையில் முதல்முறையாக வாய்க்கு வந்தபடி திட்டினான். பிறகு முகம் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வேறு என்ன செய்ய?

நீதிமன்றத்தின் கதவு சாத்தியிருந்தது. காவலாளி பர்ல் வாசல்படியில் வெயில் காய்ந்துகொண்டு, காகிதத்தில் சுற்றிய, சாஸேஜ் இறைச்சி வைத்த பன்னைத் தின்றுகொண்டிருந்தான்.

"வீட்டுக்குப் போங்க ராய்ஸ். பனியினால இன்னைக்குக் கோர்ட் லீவு. கேஸ் எல்லாம் மார்ச்சுக்கு."

ராய்ஸ் அண்ணாந்து பார்த்தான். பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

"எங்கய்யா பனி?"

"அதை என்னைக் கேட்டா? நீதிபதி அம்மா நேத்து சாயங்காலமே மூடச் சொல்லிட்டாங்க. போன வருஷம் ரோடெல்லாம் ஐஸா உறைஞ்சு, ராத்திரி பூரா நடுவழியில கார்லயே கிடந்தாங்க இல்ல? அதுலேருந்து பனின்னு சொன்னாலே அவங்களுக்கு நடுக்கம்."

"வானிலை ஆபீஸ்ல பனி இல்லைன்னுதானே சொன்னாங்க?"

"சொன்னாங்க. அதனால அம்மா முதல்ல மூடறதாவே இல்ல. அப்புறம் ஒரு போன் வந்துச்சு. நான்தான் எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு அம்மா முன்னால வச்சேன்."

"லாமரா? அந்தக் கிறுக்கன் கோர்ட்டுக்கே போன் போட்டுட்டானா?"

"லாமர் பேச்சை யாரு கேப்பா?" பர்ல் விரலைத் துடைத்துக்கொண்டான். "'வானிலை ஆபீஸ் கிடக்கட்டும், ராய்ஸ் டகெட் பனின்னு சொன்னா பனிதான். முப்பது வருஷமா பக்கத்துலேயே இருந்து பாக்கறேன், அவர் வாக்கு ஒரு தடவைகூடப் பொய்த்ததில்ல'ன்னு நீதிபதிகிட்ட அடிச்சுச் சொன்னது உங்க வீட்டம்மா!"